நிர்பயா நிதி: கேமராவுக்கு வரும் பணம் ஆளுக்கு ஏன் வருவதில்லை?

கேள்வி, 4 மார்ச் 2025

எங்கள் பகுதியில் படிப்பைப் பாதியில் விட்ட பையன்கள் இருபது, இருபத்தைந்து பேர் இருக்கிறார்கள். சாயங்காலமானால் ரேஷன் கடைத் திண்ணைதான் கதி. போன மாதம் இரண்டு பேரைச் செல்போன் பறிப்பு வழக்கில் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். பழைய சமுதாயக் கூடத்தில் ஓர் அறை சும்மா கிடக்கிறது. அதில் மாலை நேர மன்றம் மாதிரி ஒன்று நடத்த அரசு மானியம் கிடைக்குமா? நிர்பயா நிதியில் பல கோடி இருக்கிறது என்கிறார்கள். எங்கள் தெருவுக்கு வந்ததென்னவோ இரண்டு கேமரா. விவரம் தெரிந்தவர்கள் சொல்லவும்.

4 மார்ச், இரவு

நேராகச் சொல்லிவிடுகிறேன். நிர்பயா நிதியில் உங்கள் அறைக்கு வழியில்லை. அது பெண்கள் பாதுகாப்புக்கென்று ஒதுக்கிய பணம். 2012 டிசம்பரில் டெல்லியில் நடந்த கொடுமைக்குப் பிறகு, 2013 பட்ஜெட்டில் ப. சிதம்பரம் 1000 கோடி ரூபாயோடு அறிவித்தார். பணம் மத்திய நிதி அமைச்சகத்தின் பொருளாதார விவகாரத் துறையிடம் இருக்கிறது. ஓர் அமைச்சகமோ மாநில அரசோ திட்டம் எழுதி அனுப்ப வேண்டும். பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகத்தின் கீழுள்ள அதிகாரக் குழு அதைப் பார்த்துப் பரிந்துரைக்கும். ஒரு வார்டோ ஒரு தெருவோ அங்கே போய் மனு கொடுக்க முடியாது.

கேமரா ஏன் வருகிறது என்றால், திட்டம் எழுதியவர்கள் கேமரா கேட்டார்கள். ரயில்வே 983 நிலையங்களில் கண்காணிப்புக்கு 500 கோடி கேட்டு வாங்கியது. சென்னை உட்பட 8 பெருநகரங்களுக்குப் ‘பாதுகாப்பான நகரம்’ திட்டம் வந்தது. மத்திய அரசு 60 பங்கு, மாநிலம் 40 பங்கு. சென்னை மாநகரப் பேருந்துகளில் நீங்கள் பார்க்கிற கேமராவும் சிவப்புப் பொத்தானும் அந்தப் பணம்தான். எல்லாமே கடையில் வாங்கி ஆணி அடித்து மாட்டக்கூடியவை.

இதே நிதியில் நடக்கும் ஒரு சேவை மையத்தில் நான்கு ஆண்டுகள் வழக்குப் பணியாளராக இருந்தேன். எந்த மாவட்டம் என்று சொல்ல மாட்டேன். மார்ச் முடிந்தால் பணம் திரும்பிப் போய்விடும், அதனால் பொருளாக வாங்கிவிடுவார்கள். மீதியைப் பிறகு எழுதுகிறேன்.

5 மார்ச்

“கேமரா வந்தது நல்லதுதானே, அதையும் ஏன் குறை சொல்கிறீர்கள்” என்று ஒருவர் கேட்டிருக்கிறார். கேமராவைக் குறை சொல்லவில்லை. அதைப் பார்த்துக்கொண்டு உட்கார ஆள் எங்கே என்று கேட்கிறேன்.

7 மார்ச்

சேவை மையம் என்றால் என்ன என்று இரண்டு பேர் கேட்டதால் அதிலிருந்து வருகிறேன். ஒருங்கிணைந்த சேவை மையம். பெயர்ப்பலகையில் ‘சகி’ என்றிருக்கும். 2015 ஏப்ரல் 1 முதல் நடக்கும் திட்டம். முழுச் செலவும் மத்திய அரசுடையது. அடிபட்டோ துரத்தப்பட்டோ வருகிற பெண்ணுக்கு மருத்துவம், போலீஸ், சட்ட உதவி, ஆலோசனை எல்லாம் ஒரே கூரையின் கீழ். ஐந்து நாள் வரை தங்கலாம். மைய நிர்வாகி, வழக்குப் பணியாளர், ஆலோசகர், பாதுகாவலர், பன்முக உதவியாளர் என்று பதவிகள். எல்லாருக்கும் தொகுப்பூதியம்தான். நிரந்தரம் என்று ஒருவர்கூடக் கிடையாது.

ஒரு ராத்திரி, மணி இரண்டு இருக்கும். ரோந்து வண்டி ஒரு பெண்ணைக் கொண்டுவந்து விட்டது. இடுப்பில் இரண்டு வயதுக் குழந்தை. கையில் ஜவுளிக்கடை மஞ்சள் பை, அதில் ஒரு நைட்டி, குழந்தையின் தடுப்பூசி அட்டை, வேறெதுவும் இல்லை. நான் பதிவேட்டை எடுத்து வைத்துப் பெயர் கேட்கிறேன், அவள் வாயைத் திறக்கவில்லை. எங்கள் பன்முக உதவியாளர் அக்கா என்னைக் கண்ணாலேயே நிறுத்தினார். உள்ளே போய்த் தன் சாப்பாட்டுக் கூடையிலிருந்த டம்ளரில் பாலைச் சுட வைத்துக் கொண்டுவந்து, ஆற்றி, குழந்தை வாயில் வைத்தார். குழந்தை குடிக்கக் குடிக்க அந்தப் பெண் அழ ஆரம்பித்தாள். அப்புறம்தான் பேச்சு வந்தது. விடிவதற்குள் வாக்குமூலம் முழுதும் எழுதிவிட்டோம். பின்னால் அந்த வழக்கு நிலைத்து நின்றதற்கு அந்த எழுத்துதான் காரணம்.

அந்த அக்காவுக்கு அப்போது ஐந்து மாதச் சம்பளம் வரவில்லை. பஸ் காசுக்குக் கம்மலை அடகு வைத்திருந்தார். எனக்கும் வரவில்லைதான், ஆனால் எனக்கு அப்பா வீடு இருந்தது.

அதே மாதம் மையத்துக்குப் புது இன்வெர்ட்டர் வந்து இறங்கியது. அட்டைப்பெட்டியில் திட்டத்தின் பெயர் ஒட்டியிருந்தது. மாட்ட எலக்ட்ரீஷியன் வரவில்லை; எட்டு மாதம் அந்தப் பெட்டி தங்கும் அறையில் கட்டிலுக்கடியில் கிடந்தது. பிள்ளைகள் அதன்மேல் ஏறி விளையாடும்.

இது எப்படி நடக்கிறது என்று அப்போது புரியவில்லை. பிறகு ஒரு சின்னத் தொண்டு நிறுவனத்தில் கணக்கு பார்க்கப் போனபோது புரிந்தது. அடுத்த தவணை வரவேண்டுமென்றால், முந்தைய தவணையைச் செலவழித்துவிட்டோம் என்று பயனீட்டுச் சான்றிதழ் போக வேண்டும். பொருளுக்கு அது சுலபம். மூன்று விலைப்புள்ளி, ஒரு பில், இருப்புப் பதிவேட்டில் ஒரு வரி. ஒரே வாரத்தில் சான்றிதழ் தயார். ஆளுக்கு அப்படியில்லை. விளம்பரம் கொடுக்கணும், நேர்காணல் நடத்தணும், கலெக்டர் ஒப்புதல் வாங்கணும். தேர்வானவர் சம்பளத்தைக் கேட்டுவிட்டு வராமலே போய்விடுவார். பதவி காலி, அந்தப் பணமும் செலவாகாமல் கிடக்கும். போன தவணையே மிச்சமிருக்கிறதே என்று அடுத்த தவணை தள்ளிப்போகும். அதில் இருக்கிற ஆட்களின் சம்பளமும் தள்ளிப்போகும். ஒருவர் வேலையை விடுவார். இன்னொரு பதவி காலி. இந்தச் சுற்றை நான்கு வருடம் உள்ளே இருந்து பார்த்தேன். யாரும் பணத்தைத் தின்றதாக நான் சொல்லவில்லை. நான் பார்த்தவரை எங்கள் மையத்தில் யாரும் ஒரு ரூபாய் தொட்டதில்லை. எல்லாரும் விதிப்படிதான் நடந்தார்கள், அக்காவின் கம்மல் மட்டும் அடகுக்கடைக்குப் போனது.

8 மார்ச்

திருத்தம். 4ஆம் தேதி, மார்ச்சோடு பணம் திரும்பிப் போகும் என்று பொதுவாக எழுதிவிட்டேன். நிர்பயா நிதித் தொகுப்பு காலாவதியாகாதது. வருடம் முடிந்தாலும் அங்கே கிடக்கும். அதிலிருந்து அமைச்சகத்தின் வருட ஒதுக்கீட்டுக்குள் வந்து, திட்டத்துக்கென்று விடுவிக்கப்பட்ட பணத்துக்குத்தான் மார்ச் 31 கெடு. அப்படியென்றால் மேலே தொட்டி நிரம்பியே இருக்கும், கீழே குழாயில் காற்று வரும். சுட்டிக்காட்டிய ஓய்வுபெற்ற கருவூல அலுவலர் ஐயாவுக்கு நன்றி.

இன்னொன்றும் அவர் சொன்னார். 2021 ஜூலையிலிருந்து மத்திய அரசின் நிதியுதவித் திட்டங்களுக்கு மாநிலத்தில் ஒற்றை வங்கிக் கணக்கு முறை வந்துவிட்டது. வருட ஒதுக்கீட்டில் ஒரு தடவைக்கு 25 சதவீதத்துக்கு மேல் விடுவதில்லை, கொடுத்ததில் 75 சதவீதமாவது செலவானால்தான் அடுத்தது. பணம் பத்து கணக்குகளில் தூங்குவதைத் தடுக்கத்தான் இதைக் கொண்டுவந்தார்கள், அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஒரு மாவட்டத்தில் ஆள் எடுக்காமல் பணம் கிடந்தால், ஒழுங்காக ஆள் எடுத்த பக்கத்து மாவட்டமும் சேர்ந்து காத்திருக்குமே என்பது என் கவலை.

15 மார்ச்

கேமரா பற்றி நான் எழுதியதை ஒரு வாரமாக யோசித்துக்கொண்டிருந்தேன். எங்கள் மையத்துக்கு ஒரு கல்லூரிப் பெண் வந்திருந்தாள். பேருந்து நிலையத்திலிருந்து தினமும் ஒருவன் பின்தொடர்கிறான். “நானா, எப்போ?” என்று அவன் அடித்துப் பேசினான். கேமரா பதிவில் பதினோரு நாள் அவன் அவள் பின்னால் நடந்தது இருந்தது. அவள் சொன்னதை வீட்டிலேயே நம்பாதவர்கள் அதைப் பார்த்துவிட்டு நம்பினார்கள். அது பெரிய விஷயம். நான் அதை மறந்திருக்கக் கூடாது.

ஆனால் அந்தப் பதிவை எடுத்துத் தந்தது ஒரு பெண் காவலர். பணி முடிந்த பிறகும் இரண்டு சாயங்காலம் உட்கார்ந்து ஓட்டிப் பார்த்தார். அந்த இரண்டு சாயங்காலத்துக்கு எந்த மானியத்திலும் செலவுத் தலைப்பு கிடையாது.

16 மார்ச்

கேள்வி கேட்டவருக்கு. மன்றம் என்று நீங்கள் எழுதியதும் எனக்கு என் தம்பி ஞாபகம் வந்தது. எங்கள் காலனிக்குப் பக்கத்தில் போலீஸ் நடத்திய சிறார் மன்றம் இருந்தது. தகரக் கூரை. ஒரு கேரம் பலகை, சிவப்புக் காய் தொலைந்துபோய் அதற்குப் பதில் சோடா மூடி. ஒரு வாலிபால், சுவரில் தேசத் தலைவர்கள் படம். அவ்வளவுதான் சொத்து. ஆனால் தினமும் சரியாக ஐந்து மணிக்கு ஒரு ஏட்டையா சைக்கிளில் வந்து பூட்டைத் திறப்பார். பையன்கள் பெயர் அத்தனையும் அவருக்குத் தெரியும். இரண்டு நாள் ஒருவன் வரவில்லை என்றால் மூன்றாம் நாள் வீட்டு வாசலில் சைக்கிள் மணி கேட்கும். என் தம்பி பத்தாம் வகுப்பில் தோற்று வீட்டுக்கு வராமல் சுற்றியபோது அந்த மணி எங்கள் வாசலிலும் கேட்டது. இன்று அவன் பேருந்து நடத்துநர்.

ஏட்டையா ஓய்வு பெற்றார். அதற்கடுத்த வருடம் யாரோ நல்ல மனது வைத்து மன்றத்துக்குப் புதுக் கட்டிடம், ஐந்து கம்ப்யூட்டர், புதுக் கேரம் பலகை எல்லாம் வாங்கிக் கொடுத்தார்கள். திறப்பு விழா நடந்தது. ஐந்து மணிக்குத் திறக்க ஆளில்லை. ஆறு மாதத்தில் பூட்டு துருப்பிடித்தது. நான் கண்ணால் பார்த்தது.

2 ஏப்ரல்

“பள்ளிகளில் அரசு செய்கிறதே” என்று சொன்னவருக்குக் கொஞ்சம் கணக்கு. சென்னையில் 2022 செப்டம்பரில் தொடங்கிய ‘சிற்பி’ திட்டம்: 100 பள்ளிகள், பள்ளிக்கு 50 பேர், 8ஆம் வகுப்புப் பிள்ளைகள், 4.25 கோடி. ஒரு பிள்ளைக்கு 8500 ரூபாய் வருகிறது. சிறார் குற்றத்தில் விழாமல் தடுக்க என்றே எழுதப்பட்ட மாநிலத் திட்டம் அது. மனதார வரவேற்கிறேன்.

மத்திய அரசின் மாணவர் காவல் படைத் திட்டத்தில் பள்ளிக்கு 50,000 ரூபாய். 2010இல் கேரளத்தில் தொடங்கி நன்றாக நடந்ததைப் பார்த்து 2018இல் நாடு முழுவதற்கும் கொண்டுவந்தார்கள். கேரளத்தில் அது நிலைத்து நின்றதற்குக் காரணம் ஒவ்வொரு பள்ளியிலும் பொறுப்பெடுத்த ஆசிரியர்களும் பயிற்சி கொடுத்த காவலர்களும். 50,000 ரூபாயில் பயிற்சிக் கருவி வாங்கலாம், சில்லறைச் செலவு பார்க்கலாம். பொறுப்பெடுக்கும் ஆசிரியரை வாங்க முடியாது.

இரண்டுமே பள்ளிக்குள் இருக்கும் பிள்ளைகளுக்கு. உங்கள் ரேஷன் கடைத் திண்ணைப் பையன்கள் பள்ளிக்கு வெளியே நிற்கிறார்கள். ஆபத்து அதிகம் அவர்களுக்குத்தான், அவர்களைத் தேடிப் போகும் திட்டம்தான் குறைவு.

27 ஏப்ரல்

அமெரிக்காவில் இருக்கும் அண்ணன் ஒருவர் அங்கே என்ன நிலைமை என்று நீளமாக எழுதியிருந்தார். படித்துவிட்டு நானும் கொஞ்சம் தேடினேன். அங்கே 1968இல் ஒரு சட்டம் போட்டு உள்ளூர்ப் போலீசுக்கும் நீதிமன்றங்களுக்கும் மத்திய மானியம் கொடுக்க ஒரு அமைப்பு வைத்தார்கள். முதல் சில வருடங்களில் பணம் வண்டிக்கும் கருவிக்கும் போனது என்று அப்போதே பெரிய புகார். 1982இல் மூடிவிட்டார்கள். எங்கள் இன்வெர்ட்டர் பெட்டிக்கு ஐம்பது வயது மூத்த அண்ணன் ஒன்று இருக்கிறது என்று தெரிந்துகொண்டேன்.

இப்போது இருப்பது எட்வர்ட் பைர்ன் பெயரிலான மானியம். நியூயார்க்கில் ஒரு சாட்சியின் வீட்டுக்குக் காவல் இருந்தபோது 1988இல் சுட்டுக் கொல்லப்பட்ட 22 வயதுப் போலீஸ்காரர். பங்கு பிரிப்பதற்கு ஒரு சூத்திரம் வைத்திருக்கிறார்கள்: பாதி மக்கள்தொகைப்படி, பாதி வன்குற்றங்களின் எண்ணிக்கைப்படி. ஒரு மாநிலத்துக்கு வருவதில் 60 சதவீதம் மாநில அரசுக்கு, 40 சதவீதம் நேராக உள்ளூர் அரசுகளுக்கு. இந்த 40 எனக்குப் பொறாமையாக இருக்கிறது. நம் பேரூராட்சிக்குக் குற்றத்தடுப்பு என்று ஒரு தலைப்பில் பத்தாயிரம் ரூபாயாவது தானாக வருகிறதா? ஆனால் குற்றம் அதிகமானால் பணம் அதிகம் என்பது எனக்கு உறுத்துகிறது. குறைத்துக் காட்டிய ஊருக்கு என்ன கிடைக்கும்?

அந்த அண்ணன் சொன்ன இன்னொரு செய்தி இந்த வாரத்தது. முந்நூறுக்கும் மேற்பட்ட மானியங்களை அமெரிக்க நீதித் துறை அமைச்சகம் ஒரே நாளில் ரத்து செய்துவிட்டது. சுமார் 80 கோடி டாலர். அடிபட்டதில் தெருவில் இறங்கிப் பையன்களோடு பேசி மோதலைத் தடுக்கிற அமைப்புகள் அதிகம். அங்கேயும் முதலில் வேலை இழப்பது ஆள்தான்.

28 ஏப்ரல்

நேற்றைய பதிவில் ‘பொறாமை’ என்று எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். ஒரே நாளில் மானியங்கள் ரத்தாகிற ஊரைப் பார்த்து என்ன பொறாமை.

11 மே

“எந்த மானியமும் ஆளுக்குப் போவதில்லை என்கிறீர்களா?” என்று ஒரு வழக்கறிஞர் அம்மா கேட்டிருக்கிறார். சரியான கேள்வி. போகிற ஒன்று இருக்கிறது. பாலியல் வன்கொடுமை, போக்சோ வழக்குகளுக்கான விரைவு சிறப்பு நீதிமன்றங்கள். 2019 அக்டோபர் 2இல் தொடங்கியது. 1023 நீதிமன்றங்கள், ஒன்றுக்கு வருடம் 75 லட்சம், மொத்தம் 767.25 கோடி, அதில் மத்திய பங்கு 474 கோடி நிர்பயா நிதியிலிருந்து. ஒரு நீதிமன்றத்துக்கு ஒரு நீதிபதி, 7 ஊழியர்கள். வருடத்துக்கு 165 வழக்காவது முடிக்க வேண்டும் என்று இலக்கு. இதில் ஆளுக்குத்தான் பணம். அப்படி எழுத முடிகிறது என்பதற்கு இதுவே சாட்சி. அதனால் என் வாதத்தைக் கொஞ்சம் திருத்திக்கொள்கிறேன்: மானியத்தில் ஆளுக்குச் சம்பளம் வைக்க முடியாது என்பதில்லை, வைத்தால் அதையும் தவணை தவணையாக வைக்கிறார்கள். முதலில் ஒரு வருடம், பிறகு 2023 மார்ச் வரை, பிறகு 2026 மார்ச் வரை. ஊழியர்கள் ஒவ்வொரு நீட்டிப்புக்கும் காத்திருக்கிறார்கள்.

இதற்கு நேர் எதிரான ஒன்றைச் சொல்கிறேன். 1992இல் சென்னை ஆயிரம் விளக்கில் தமிழ்நாட்டின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் வந்தது. மாநில அரசு பணியிடம் உருவாக்கி, தன் பட்ஜெட்டில் சம்பளம் போட்டது. 33 வருடமாகியும் நிற்கிறது, மாநிலம் முழுக்கப் பரவியும் விட்டது. அங்கே எல்லாம் சரியாக நடக்கிறது என்று சொல்ல வரவில்லை. எங்கள் மையத்துக்கு வந்த பெண்களில் பலர் அங்கே சமாதானம் பேசி அனுப்பப்பட்டவர்கள். ஆனால் கதவு தினமும் திறக்கிறது. பின்னால் காவல் நிலையங்களில் மகளிர் உதவி மையம் வைக்க நிர்பயா நிதியிலிருந்து நிலையத்துக்கு 1 லட்சம் என்று 10,000 நிலையங்களுக்கு 100 கோடி ஒதுக்கினார்கள். 1 லட்சத்தில் மேசை, நாற்காலி வாங்கிவிடலாம். மேசைக்குப் பின்னால் உட்காருகிறவருக்கு நிலையம்தான் ஆள் ஒதுக்க வேண்டும். அந்த நிலையத்தில் ஏற்கெனவே ஆள் பற்றாக்குறை.

18 மே

கேள்வி கேட்ட நண்பருக்கு, விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு மாதமாக உங்களைக் காத்திருக்க வைத்துவிட்டேன்.

அறையைச் சரிசெய்ய எம்.எல்.ஏ. தொகுதி மேம்பாட்டு நிதி உண்டு. வெள்ளையடிப்பு, மின்சாரம், கழிப்பறை கேளுங்கள். ‘நமக்கு நாமே’ திட்டத்திலும் போகலாம், மூன்றில் ஒரு பங்கு ஊர் போடணும். இரண்டிலும் சம்பளம் கேட்காதீர்கள், எம்.பி. நிதியிலும் அதே கதைதான், தொடர்செலவுக்கு இடமில்லை.

பையன்களுக்கு ஒரு வழி இருக்கிறது, பலருக்குத் தெரிவதில்லை. ‘மிஷன் வாத்சல்யா’வின் நிதி ஆதரவுத் திட்டம். அப்பா இல்லாத, அம்மா மட்டும் சம்பாதிக்கிற வீட்டுப் பிள்ளைகள் போன்றவர்களுக்கு மாதம் 4000 ரூபாய். குடும்ப வருட வருமானம் கிராமத்தில் 72,000, மற்ற இடங்களில் 96,000க்குள் இருக்க வேண்டும். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விண்ணப்பிக்கணும், அது கலெக்டர் ஆபீஸ் வளாகத்திலேயே இருந்தாலும் இருக்கும். இது ஒன்றுதான் நான் பார்த்தவற்றில் பொருளாக மாறாமல் நேரே பிள்ளையின் கணக்குக்குப் போகிற பணம். இதைக் குற்றத்தடுப்பு என்று யாரும் சொல்வதில்லை, நான் சொல்வேன். திண்ணையில் இருப்பவர்களில் 18 நிரம்பாதவர்கள் எத்தனை பேர், யார் வீட்டில் என்ன நிலை என்று முதலில் எழுதுங்கள்.

1 ஜூன்

நண்பர் பட்டியலும் மனுவும் அனுப்பியிருந்தார். 23 பையன்கள், அதில் 18 நிரம்பாதவர்கள் 14 பேர். பெயர்கள் இங்கே வேண்டாம், பொதுவில் போடாதீர்கள். மனுவில் கம்ப்யூட்டர், புரொஜெக்டர், கேரம் பலகை, தண்ணீர் சுத்திகரிப்பான் என்று ஒன்பது பொருள் இருந்தது. ஏழு பொருளை அடித்துவிட்டேன். கேரம் பலகையும் தண்ணீரும் போதும். அந்த இடத்தில், மாலை 5 முதல் 8 வரை திறக்க ஒருவர், அவருக்கு மாத மதிப்பூதியம், பன்னிரண்டு மாதத்துக்கு என்று எழுதியிருக்கிறேன். எம்.எல்.ஏ. நிதியில் அதற்கு இடமில்லை என்பதால் தனித் தாளில், வட்டார வணிகர் சங்கத்துக்கும் காவல் ஆய்வாளருக்கும் சேர்த்து.

அப்புறம் மனுவில் ஒரு கட்டம் காலியாக விட்டிருக்கிறீர்கள்: ‘சாவி வைத்திருப்பவர்’. உங்கள் தெருவில் ஓய்வு பெற்ற ஏட்டோ, பி.டி. வாத்தியாரோ, தையல் கடை அம்மாவோ யாராவது இருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை போய்க் கேளுங்கள். கேட்டுவிட்டு அந்தக் கட்டத்தை நிரப்பி அனுப்புங்கள், நான் சரிபார்த்துத் தருகிறேன்.